மஞ்சள் கோடு நேராத்தான் இருக்கு

பேய் என்றால் நடுநிசியில் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்கு நடந்தது பட்டப்பகலில். வியாழக்கிழமை மதியம் 2.11 முதல் 2.40 வரை. வெயில் நாற்பத்துமூன்று டிகிரி. நான் குடித்திருக்கவில்லை. தூங்கி விழவும் இல்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் போய் வேறு வேலையைப் பாருங்கள். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் பெயர் நோலீன். வயது ஐம்பத்திரண்டு. சிம்ப்சன் பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில் வாரிகல் கிரீக் என்று ஓர் ஊர். முப்பத்தெட்டுப் பேர், ஒரு பப், ஒரு பட்டறை. அந்தப் பட்டறை எனக்கும் என் தம்பி கெல்லுக்கும் சொந்தம். பெயருக்குத்தான் இரண்டு பேர். வெல்டிங், ஜாக்கி, திட்டு எல்லாம் என்னுடையது. ஊர் சுற்றுவது அவனுடையது. அதனால் என்னை "முதலாளியம்மா" என்றுதான் கூப்பிடுவான். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவன் வாயால் நோலீன் என்று நான் கேட்டதே இல்லை.

நவம்பர் கடைசி வாரம். எங்கள் பக்கம் அதுதான் கோடை தொடங்கும் நேரம். டிசம்பர் ஒன்றாம் தேதி பாலைவனப் பாதையை மூடிவிடுவார்கள். அதற்குமேல் வெயிலில் மனுஷன் உயிரோடு தாண்ட முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான், மேற்கே கோரெல்லா டவுன்ஸ் என்ற மாட்டுப் பண்ணையில் தண்ணீர் பம்ப் நின்றுவிட்டது என்று கெல்லுக்குப் போன் வந்தது. செவ்வாய் காலை தனியாகக் கிளம்புகிறேன் என்றான்.

அவனுடைய பழைய ஃபோர் வீல் வண்டிக்கு அந்த மாதம்தான் நாலு அங்குல உயர ஸ்பிரிங் போட்டிருந்தோம். மணல்மேட்டில் வயிறு இடிக்காமல் ஏற வேண்டும் என்றால் உயரம் வேண்டும். ஆனால் உடம்பைத் தூக்கினால் பின் சக்கரங்களின் அச்சான ஆக்சில் முன்னால் இழுபடும். டயர் மட்கார்டில் உரசும். அதற்கு ஆக்சிலைப் பிடித்திருக்கும் கீழ் லிங்க் ராடு இரண்டையும் நீளமாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டையும் நடுவில் அறுத்து, உள்ளே கனமான குழாய் செருகி, ஒரு விரல் அகலம் நீட்டி வெல்டு வைத்தேன். அந்த வெல்டில் இன்றுவரை எவனும் குறை சொன்னதில்லை. கோளாறு அங்கே இல்லை.

கோளாறு போல்ட்டை இறுக்கியதில்.

லிங்க் ராடின் இரண்டு முனையிலும் புஷ் என்ற ரப்பர் வளையம் இருக்கும். அதன் நடுவில் ஓடும் போல்ட்டை, வண்டி தன் நாலு சக்கரத்தில் தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். பட்டறையில் கால் வைத்தவன் எவனுக்கும் இது தெரியும். இறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்புவரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவோம். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். என் கோடு மஞ்சள். கோடு போட்டாயிற்று என்றால் வேலை முடிந்தது, அதற்குமேல் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. எங்கள் பட்டறையில் அதுதான் சட்டம்.

நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அவன் மேலே நின்று பீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தனியா போகாதடா. பாதையில ஈ காக்கா இருக்காது."

"அதுக்குத்தான் போறேன், முதலாளியம்மா. டூரிஸ்ட் தொல்லை கிடையாது."

"கோரெல்லாக்காரன் வேற ஆளப் பாக்கட்டும்."

"மாடுங்க தண்ணியில்லாம சாகும். நீ போய் அதுங்ககிட்ட சமாதானம் பேசுறியா?"

"போன வருஷம் டயர் கிழிஞ்சு நின்னியே, யாருடா வந்து இழுத்தது?"

"நீதான். அத எத்தன வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவ? ஒரு தேதி சொல்லு, காலண்டர்ல குறிச்சுக்கிறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையில் இருந்த ஸ்பேனரை முழு பலத்தோடு இழுத்தேன். பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்து நாலு போல்ட்டிலும் கோடு போட்டேன். வெளியே வந்தேன். அவன் என் சட்டைப் பையிலிருந்து அந்தப் பேனாவை உருவிக்கொண்டான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். உன் ஞாபகமா."

"போய்த் தொலை!"

நேருக்கு நேர் அவனிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை இதுதான். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். வண்டியை அவனே ஜாக்கியிலிருந்து இறக்கினான். குனிந்து பார்த்திருப்பான். மஞ்சள் கோடு இருந்தது. அக்கா போட்ட கோடு. நம்பினான்.

செவ்வாய் காலை 5.30க்குக் கிளம்பினான். நான் படுக்கையில் இருந்தபடியே எஞ்சின் சத்தம் கேட்டேன். எழுந்து போகவில்லை. வீம்பு.

புதன் மாலை 5.10. இன்னொருவனுடைய வண்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அடியில் படுத்து போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன். எழுவதற்காகப் பின் சக்கரத்தைப் பிடித்தேன். சக்கரம் அசையவில்லை. தரையில் நிற்கிற சக்கரம் எப்படி அசையும்?

ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் பிடித்து எழுந்தேன். அன்று சக்கரம் சுற்றியது. கைக்குள் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நான் கோபத்தில் அதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து கத்தப் போய்விட்டேன்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

அவனுடைய சாட்டிலைட் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். பேட்டரி வீணாகும் என்பான், கஞ்சன். கோரெல்லாவுக்கு அடித்தேன். வெள்ளிக்கிழமைதான் எதிர்பார்க்கிறோம் என்றார்கள். போலீஸ் சார்ஜென்ட் டன்ஸ்டனுக்கு அடித்தேன்.

"வெள்ளிக்கிழமைதானே அவன் போய்ச் சேரணும்? அதுக்குள்ள என்ன அவசரம், நோலீன்?"

"மனசு சரியில்ல."

அவ்வளவுதான் சொன்னேன். நான் செய்த தப்பைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று இரவே ஹெலிகாப்டர் கேட்டிருப்பார். முப்பது வருஷம் கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள், தொங்குகிற சக்கரத்தில் போல்ட் இறுக்கினேன் என்று எப்படிச் சொல்வேன்? வெட்கம். வாய் வரவில்லை.

வியாழன் காலை 4.05க்கு என் வண்டியில் கிளம்பினேன். 6.20க்கு முதல் மணல்மேடு. டயர் காற்றைப் பாதியாக இறக்கினேன். வண்டியின் முன்பக்கம் கொடிக்கம்பத்தை மாட்டினேன். எதிரே ஏறி வருகிறவன் கண்ணில் முதலில் பட வேண்டியது அந்தக் கொடி. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் ரேடியோவில் பத்தாம் சேனலில் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன்.

"கிழக்குலருந்து ஒரு வண்டி. மேடு ஏறுது."

பதில் இல்லை. அடுத்த மேடு. பதில் இல்லை. நூறு மேட்டுக்கு மேல் ஏறி இறங்கினேன். ரேடியோவில் ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

11.40க்கு அவன் செவ்வாய் இரவு தங்கிய இடத்தைப் பார்த்தேன். சாம்பல். ஒரு பீன்ஸ் டப்பா. டீ பை ஒன்று காய்ந்து கிடந்தது. அங்கிருந்து மேற்கே போன தடம் ஒழுங்காக இருந்தது. முன் டயர் பதிந்த தடத்திலேயே பின் டயரும் ஏறிப் போயிருந்தது. கொஞ்சம் உயிர் வந்தது எனக்கு.

1.05க்கு அந்த உயிர் போய்விட்டது.

மணலில் நாலு கோடு.

இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு. பின் டயர்கள் முன் டயர்களை விட்டு ஒரு சாண் இடதுபக்கம் விலகி ஓடியிருந்தன. ஆக்சில் கோணிக்கொண்டுவிட்டது. ஒரு பக்க லிங்க் ராடு பிடிப்பு விட்டுவிட்டது. வண்டியிலிருந்து இறங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் இறங்கினேன். மண்டியிட்டு அந்த நாலாவது கோட்டில் கை வைத்துப் பார்த்தேன். மணல் கொதித்தது.

கத்திக்கொண்டே ஓட்டினேன். "கெல், பதில் சொல்லுடா. கெல்."

2 மணிக்கு டீசல் முள் பாதிக்குக் கீழே இறங்கியது. கேனில் இருபது லிட்டர் இருந்தது. திரும்பிப் போக வேண்டுமானால் இப்போது திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை. உயரமான ஒரு மேட்டின் உச்சியில் ஏறி எஞ்சினை அணைத்தேன்.

2.11.

"நோலீன்."

ரேடியோ. அவன் குரல். சந்தேகமே இல்லை, என் தம்பி குரல்.

"கெல்! டேய்! எங்கடா இருக்க?"

"உப்பு ஏரி தாண்டிட்டேன். கோரெல்லா பக்கத்துல."

"வண்டி எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு. உன் மஞ்சள் கோடு நேராத்தான் இருக்கு."

நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். விக்கி விக்கி அழுதேன். நான் கோட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

"தடம் கோணலா இருக்கேடா. நாலு கோடு தெரியுது."

"புஷ் கிழிஞ்சுது. வேற போட்டுட்டேன். தரையில நிக்க வெச்சு இறுக்கினேன்."

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

"தரையில நிக்க வெச்சு இறுக்கினேன், நோலீன்."

என் தப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தரிடமும்.

சரி, புஷ் கிழிந்ததைப் பார்த்து அவனே புரிந்துகொண்டிருப்பான் என்று நினைத்தேன். உப்பு ஏரி அங்கிருந்து அறுபது கிலோமீட்டர். ரேடியோ பதினைந்து போனாலே அதிகம். சரி, உச்சியில் நிற்கிறேன், அதனால் எடுக்கிறது என்று நினைத்தேன். மனம் சமாதானத்தைத்தானே தேடும்?

ஆனால் இன்னொன்று...

அவன் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. எஞ்சின் இல்லை. காற்று இல்லை. கரகரப்பு இல்லை. எங்கள் பக்கம் ரேடியோவில் யார் பேசினாலும் கரகரக்கும். இது மூடிய பெட்டிக்குள் இருந்து பேசுவதுபோல் சுத்தமாக இருந்தது.

2.20.

டங்... டங்... டங்...

எங்கோ இரும்பைத் தட்டும் சத்தம். மெல்லியது.

டங்... டங்... டங்...

மூன்று மூன்றாக.

"கெல், ஏதோ தட்டுற சத்தம் கேக்குதே?"

"உன் கொடிக்கம்பம்."

நிமிர்ந்து பார்த்தேன்.

கொடி தொங்கிக்கொண்டிருந்தது. துளிக் காற்று இல்லை.

டங்... டங்... டங்...

"இல்லடா. மேற்குப் பக்கத்துலருந்து வருது."

"கொடிக்கம்பம்தான்."

"காத்தே இல்லையேடா."

"திரும்பிப் போ, நோலீன். டீசல் பத்தாது."

கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. அந்த வெயிலில்.

"என்னை என்னன்னுடா கூப்பிடுற?"

டங்... டங்... டங்...

"கெல்?"

2.38.

மைக் பொத்தானை அழுத்தினேன். "டேய், ஒரு தடவை என்னை எப்பவும் கூப்பிடுற மாதிரி..."

"திரும்பிப் போ."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்தது.

என் கட்டைவிரல் இன்னும் பொத்தானில் இருந்தது.

பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்போது எதிராளி குரல் கேட்காது. கேட்கவே முடியாது. அந்த ரேடியோ அப்படித்தான்.

மைக்கைக் கீழே போட்டேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது. அந்தத் தட்டும் சத்தம் வேகமானது. டங்டங்டங்டங்... மூன்று மூன்றாக இல்லை. நிறுத்தாமல். பிறகு எஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

2.40க்கு வண்டியைக் கிழக்கே திருப்பினேன்.

பாதி பயந்து, பாதி நம்பித் திரும்பினேன். பத்து மேடு தாண்டுவதற்குள் நம்பியே விட்டேன். வெயில் மூளையைக் குழப்பியிருக்கும், அவன் நன்றாக இருக்கிறான், அதுதானே முக்கியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வழியில் சாட்டிலைட் போனில் டன்ஸ்டனைக் கூப்பிட்டு, "கெல்கிட்ட பேசிட்டேன், ஒண்ணும் பயமில்ல" என்றும் சொன்னேன். வீடு வந்து குளித்தேன். ரொட்டி சாப்பிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வெள்ளி மாலை கோரெல்லாவிலிருந்து போன். அவன் வரவில்லை. சனிக்கிழமை காலை 9.20க்கு ஹெலிகாப்டர் அவன் வண்டியைக் கண்டுபிடித்தது.

அடுத்த புதன்கிழமை டன்ஸ்டன் பட்டறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவன் எப்போதும் உட்காரும் டயர் மேல் உட்கார்ந்தார். கையில் ஓர் உறை வைத்திருந்தார்.

"எங்க இருந்தான்?" என்று நான்தான் கேட்டேன்.

"நீ திரும்பின தடத்தப் பாத்தோம். அதுலருந்து ரெண்டு மேடு தாண்டி. ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்ல."

முந்தின வாரம் புதன் காலையே வண்டி நின்றிருக்கிறது. ஜாக்கி வைத்து அடியில் போயிருக்கிறான். ஜாக்கி மணலில் புதைந்து, வண்டி அவன் இடுப்பில் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் தண்ணீர்க் கேன் இருந்தது. வண்டியின் நிழல் இருந்தது. அதனால் உடனே சாகவில்லை. வியாழன் பொழுது சாயும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கையில் ஸ்பேனர் இருந்ததாம். அது எட்டுகிற இடத்தில் சாசி என்கிற அடிச்சட்டம் முழுக்கப் புதிதாக அடி விழுந்த தழும்பாம்.

டன்ஸ்டன் முதல் படத்தை எடுத்துக் காட்டினார். லிங்க் ராடின் முனை. ரப்பர் நார் நாராகக் கிழிந்திருந்தது. நட்டு மட்டும் மயிரிழைகூட நகரவில்லை. மஞ்சள் கோடு நேராக இருந்தது. அந்தக் குரல் அதில் பொய் சொல்லவில்லை.

"அவன்கிட்ட ரேடியோல பேசினேன்னு சொன்னியே, நோலீன்."

"பேசினேன். ரெண்டு பதினொண்ணுக்கு."

"அவனால பேசியிருக்க முடியாது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கீழ கிடந்தபடியே, திறந்த கதவு வழியாத் தொங்கின மைக் வயரப் பிடிச்சு இழுத்திருக்கான். வயர் பிடுங்கிட்டு வந்துடுச்சு. அந்தப் புதன்கிழமையே. ஆனா ரேடியோ ஓடிக்கிட்டுதான் இருந்தது. பத்தாவது சேனல்."

"அப்படின்னா?"

"கேட்டிருப்பான். எல்லாத்தையும்."

உறையிலிருந்து என் பெயின்ட் பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன பேனா. மூடி இல்லை, மையும் இல்லை. பிறகு கடைசிப் படத்தை வைத்தார். வண்டியின் அடிப்பாகம். கிடந்தவனுடைய முகத்துக்கு நேர் மேலே இருந்த சாசி இரும்பு. மஞ்சள் எழுத்து, கோணல் மாணலாக. அவன் கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட்டிருந்தான்.

"2.05. எஞ்சின் சத்தம். முதலாளியம்மா வந்துட்டா."

"2.11. யாரோ அவகிட்ட பேசுறான்."

"2.40. முதலாளியம்மா, அது நான் இல்ல."